பெட்டிக்குள் வரும் கடற்கொள்ளைக் கப்பல்

கடற்கொள்ளையர் கப்பல் எப்படி இருக்கும் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். மூன்று பாய்மரம், கறுப்புக் கொடி, கொடியில் மண்டை ஓடு, பக்கவாட்டில் வரிசையாகப் பீரங்கிகள். 2003-ல் 'பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன்' படம் வந்த பிறகு சின்னப் பிள்ளைகளுக்கும் இது மனப்பாடம். இந்தக் கப்பலை மரத்தில் சின்னதாகச் செய்து கண்ணாடி அலமாரியில் வைப்பது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிய பொழுதுபோக்கு. இத்தாலி, ஸ்பெயின் நாடுகளில் இதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. அட்டைப் பெட்டியைத் திறந்தால் உள்ளே வெட்டி வைத்த ஒட்டுப்பலகைகள், கட்டுக் கட்டாக மெல்லிய மரச் சட்டங்கள், உலோகத்தில் வார்த்த குட்டிப் பீரங்கிகள், நூல் கண்டுகள், பாய்த் துணி, கூடவே ஒரு பெரிய வரைபடம். இதற்கு 'கிட்' என்று பெயர்.

இதில் புதுச்சேரிக்கு என்ன வேலை? அதிலும் கடற்கரையை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் வில்லியனூருக்கும் பாகூருக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கிறது. பொறுமையாகப் பார்ப்போம்.

முதலில் இந்தக் கப்பல் எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரிந்துகொண்டால் நல்லது. நடுவில் நெடுக்காக ஒரு பலகை. நிஜக் கப்பலின் அடிமரம்தான் இது, நம் படகு கட்டும் தச்சர்கள் 'ஏரா' என்பார்கள். ஏராவில் வெட்டுகள் இருக்கும். அந்த வெட்டுகளில் குறுக்குப் பலகைகளை ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். முட்டை அடுக்கும் அட்டையில் குறுக்கும் நெடுக்குமாகத் தடுப்புகள் இருக்குமே, அது மாதிரி. செருகி முடித்ததும் மீனின் எலும்புக்கூடு போல ஒன்று கையில் இருக்கும். அதன் மேல் மெல்லிய சட்டங்களை ஒவ்வொன்றாக வளைத்து ஒட்ட வேண்டும். முதல் அடுக்குக்கு மலிவான மெதுவான மரம், அதன் மேல் இரண்டாவது அடுக்குக்கு வால்நட் போன்ற அழகான மரம்.

சட்டத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் வளைக்க வேண்டும். அவசரப்பட்டால் முறிந்துவிடும். கப்பலின் முன்பக்கத்துக்கு, அதாவது அணியத்துக்கு வரும்போது எல்லாச் சட்டங்களும் ஒரே இடத்தில் வந்து கூடும். அங்கே ஒவ்வொரு சட்டத்தையும் நுனி நோக்கி ஒடுக்கி இழைக்காவிட்டால் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஆரம்பிப்பவர்கள் பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். இதைத் தாண்டி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேல்தளம் ஒட்டி, பாய்மரம் நட்டு, குறுக்கே பருமல் கட்டிவிட்டால் மரவேலை முடிந்தது. பிறகு கயிறு வேலை. மாலுமிகள் பாய்மரத்தில் ஏற ஏணி மாதிரி ஒரு கயிற்று வலை இருக்கும். அதில் மட்டும் நூற்றுக்கணக்கான முடிச்சுகள், எல்லாம் இடுக்கியால் போட வேண்டியவை. மாதக்கணக்கில் ஆகும். நம் ஊரில் ஐப்பசி கார்த்திகையில் ஆரம்பித்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. அடைமழை ஈரத்தில் மெல்லிய மரம் முறுக்கிக்கொள்ளும்.

இவ்வளவு கஷ்டப்பட்டுக் கட்டும் அந்தக் கடற்கொள்ளைக் கப்பல் நிஜமா என்றால், பெரும்பாலும் இல்லை! கடற்கொள்ளையர் யாரும் தங்கள் கப்பலுக்கு வரைபடம் போட்டு வைத்தவர்கள் இல்லை. கிடைத்த கப்பலைப் பிடித்தார்கள், ஓட்டினார்கள், பழுதானதும் விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்தார்கள். கறுப்புத்தாடி என்று பெயர் பெற்ற கொள்ளைக்காரனின் 'குயீன் ஆன்ஸ் ரிவெஞ்ச்' கூட 1717-ல் பிடிக்கப்பட்ட 'கான்கார்ட்' என்ற பிரெஞ்சு அடிமை வணிகக் கப்பல்தான். 1718-ல் அமெரிக்கக் கரையில் தரைதட்டி உடைந்தது, 1996-ல் கடலடியில் கண்டுபிடித்தார்கள். அதன் அளவு வரைபடம் எதுவும் கிடையாது. கிட் செய்யும் கம்பெனிகள் அந்தக் காலத்துச் சாதாரண வணிகக் கப்பல் ஒன்றை எடுத்து, பீரங்கிகளைக் கூட்டி, கறுப்புக் கொடி ஏற்றிப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். மண்டை ஓட்டுக் கொடி இல்லாவிட்டால் அது சர்க்கரை மூட்டை ஏற்றிப் போகும் கப்பல்.

அப்படியானால் கொள்ளைக் கப்பலையும் மற்றக் கப்பலையும் பிரிப்பது எது? கொடியா? அதுவும் இல்லை. ஒரு துண்டுக் காகிதம்.

அந்தக் காலத்தில் போர் நடக்கும்போது ஓர் அரசாங்கம் தனியார் கப்பல் முதலாளிக்கு உரிமைச் சீட்டு கொடுக்கும். எதிரி நாட்டுக் கப்பலைப் பிடித்துக்கொள்ளலாம், சரக்கை விற்கலாம், அரசுக்குப் பங்கு கொடுத்துவிட வேண்டும். சீட்டு இருந்தால் அவன் நாட்டுக்கு உழைக்கும் வீரன். இல்லாவிட்டால் அதே கப்பல், அதே பீரங்கி, அதே ஆட்கள், ஆனால் தூக்குமரம்!

கேப்டன் கிட் என்ற வில்லியம் கிட்டின் கதை இதற்கு நல்ல உதாரணம். (பெட்டியில் வரும் கிட் வேறு, இந்தக் கிட் வேறு!) இவரிடம் சீட்டு இருந்தது. 'அட்வெஞ்சர் கேலி' என்ற கப்பலில் கடற்கொள்ளையரையும் பிரெஞ்சுக் கப்பல்களையும் பிடிக்கத்தான் அனுப்பினார்கள். 1698 ஜனவரியில் கேரளக் கரைக்கு அப்பால் 'கெடா மெர்ச்சன்ட்' என்ற சரக்குக் கப்பலைப் பிடித்தார். அந்தக் கப்பலிடம் இருந்தது பிரெஞ்சு அனுமதிச் சீட்டு, ஆகவே நான் பிடித்தது நியாயம் என்றார். ஆனால் லண்டனில் வழக்கு நடந்தபோது அந்தச் சீட்டுகளைக் காணவில்லை. 1701-ல் தூக்கில் போட்டுவிட்டார்கள். இருநூறு வருடம் கழித்து, 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்தச் சீட்டுகள் லண்டன் ஆவணக் காப்பகத்தில் கிடைத்தன. கிட் சுத்தமான ஆள் என்று சொல்ல முடியாது, வேறு குற்றங்களும் உண்டு. ஆனாலும் அந்தக் காகிதங்கள் அன்று நீதிமன்றத்தில் இருந்திருந்தால் வழக்கு இவ்வளவு சுலபமாக முடிந்திருக்காது.

மேற்குக் கரையில் கானோஜி ஆங்க்ரேயை ஆங்கிலேயர்கள் கடற்கொள்ளையன் என்று எழுதி வைத்தார்கள். மராத்தியருக்கு அவர் கடற்படைத் தளபதி. தன் கரையில் போகும் கப்பல் தன்னிடம் சீட்டு வாங்க வேண்டும் என்று கேட்டதுதான் அவர் செய்த குற்றம். அதே சீட்டு முறையை அவருக்கு முன்பே போர்த்துகீசியர் இந்தியக் கடல் முழுக்க நடத்தினார்கள், அவர்களை யாரும் அப்படிச் சொல்லவில்லை. இன்று மும்பையில் இந்தியக் கடற்படைத் தளம் ஒன்றுக்கு 'ஐ.என்.எஸ். ஆங்க்ரே' என்று பெயர்.

வங்காள விரிகுடாவுக்கு வந்தால் இந்த வரிசையில் பெரிய பெயர் ராபர்ட் சுர்கூஃப். பிரான்சின் சேன்மாலோ துறைமுகத்துக்காரர், 1773-ல் பிறந்தவர். அவர் பங்குதாரராக இருந்து கடலுக்கு அனுப்பிய 'ரெனார்' என்ற சின்னக் கப்பல் இன்று மாடல் கட்டுபவர்களுக்கு நன்கு தெரிந்த பெயர். இவர் வேட்டையாடியது நம் கடலில். 1795-ல் மொரீஷியஸில் (அப்போது 'பிரான்சுத் தீவு') உரிமைச் சீட்டு கேட்டார், ஆளுநர் மலார்த்திக் கொடுக்கவில்லை. செஷல்ஸ் தீவுக்குப் போய் ஆமை பிடித்துக்கொண்டு வா என்று 'எமிலி' என்ற கப்பலில் அனுப்பினார்கள். ஆமை பிடிக்கப் போனவர் வங்காளக் கரையில் போய் நின்றார். வரிசையாக ஆங்கிலேயக் கப்பல்களைப் பிடித்தார். அவற்றில் ஒன்று அரிசி ஏற்றி வந்த 'டயானா'. 1796 ஜனவரியில் 'ட்ரைட்டன்' என்ற பெரிய கப்பலைச் சில பத்து ஆட்களை வைத்துக்கொண்டே மடக்கினார். திரும்பி வந்ததும் சீட்டு இல்லாமல் பிடித்ததால் எல்லாம் அரசுக்குச் சொந்தம் என்று பறிமுதல் செய்துவிட்டார்கள். சுர்கூஃப் பாரிஸ் வரை போய் வாதாடிப் பணம் வாங்கினார். அடுத்த முறை சீட்டோடு வந்தார். 1800 அக்டோபர் 7-ம் தேதி, 18 பீரங்கி உள்ள 'கான்ஃபியான்ஸ்' கப்பலால் 400 பேருக்கு மேல் இருந்த 'கென்ட்' கப்பலைப் பிடித்தார். 1796-ல் செய்ததும் 1800-ல் செய்ததும் ஒரே வேலைதான்!

அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1793 முதல் 1816 வரை ஆங்கிலேயர் வசம் இருந்தது. சுர்கூஃப் பிடித்த கப்பல்கள் மொரீஷியஸுக்குத்தான் போயின.

இப்போது பாகூருக்கு வருவோம். பாகூர்ச் சண்டை என்று வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு வரி வரும். தேர்வுக்கு வருடம் மட்டும் கேட்பார்கள், 1752. அந்தச் சண்டைக்கு உடனடிக் காரணம் கடலில் நடந்த ஒரு காரியம் என்பது பலருக்குத் தெரியாது. சொல்லப்போனால் அது கடற்கொள்ளையா இல்லையா என்பதே அன்றைய தகராறு.

வில்லியனூரும் பாகூரும் 1749-ல் சந்தா சாகிப் வழியாகப் பிரெஞ்சுக்காரருக்குக் கிடைத்த பகுதிகள். அதுவரை புதுச்சேரி என்பது கடலோரத்தில் ஒரு கோட்டையும் ஊரும். கப்பல் வந்து நின்றால் ஏற்றத் துணி வேண்டும், கோட்டைக்குச் சாப்பிட நெல் வேண்டும், சம்பளம் கொடுக்க வரி வேண்டும். சங்கராபரணி ஆற்றங்கரை வில்லியனூரும் ஏரிப் பாசனத்துப் பாகூரும் இதற்குத்தான் தேவைப்பட்டன. டூப்ளேவின் கனவுகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், அந்தக் கனவுக்குச் சோறு போட்டது பாகூர் ஏரி என்று யாரும் எழுதுவதில்லை.

1752-ல் ஐரோப்பாவில் பிரான்சும் இங்கிலாந்தும் சமாதானமாக இருந்தன. இங்கே இரண்டு கம்பெனிகளும் ஆளுக்கொரு நவாபுக்குத் துணை என்ற பெயரில் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அந்த வருடம் சென்னையிலிருந்து கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டைக்கு ஒரு சுவிஸ் படைப் பிரிவை ஆங்கிலேயர் அனுப்பினார்கள். பெரிய கப்பலில் அனுப்பவில்லை. கரையோரமாகப் போகும் சலங்குப் படகுகளில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். நடுவே சமாதானம் இருக்கிறதே, யார் தொடப்போகிறார்கள் என்ற நினைப்பு. படகுகள் புதுச்சேரியைக் கடக்கும்போது டூப்ளே ஒரு கப்பலை அனுப்பி மொத்தப் பேரையும் சிறைப்பிடித்துவிட்டார்!

ஆங்கிலேயர் கொதித்தார்கள். சமாதான காலத்தில் கடலில் ஆளைப் பிடிப்பதற்கு என்ன பெயர்? டூப்ளேவின் பதிலும் கூர்மையாகவே இருந்தது. கொஞ்ச நாள் முன்பு ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஆட்களைச் சமாதான காலத்தில்தானே பிடித்தீர்கள்? நவாபுக்காக நிலத்தில் பிடித்தால் நியாயம், கடலில் பிடித்தால் கொள்ளையா? இரண்டு பக்கமும் கையில் ஒரு காகிதம் வைத்திருந்தன. எல்லாம் அவரவர் நவாபு கொடுத்த காகிதம்.

மேஜர் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் சென்னையிலிருந்து கப்பலில் கடலூர் வந்து இறங்கினார். எதிரே பிரெஞ்சுப் படைக்குத் தலைவர் டூப்ளேவின் உறவினர் கெர்ழான். லாரன்ஸ் வந்ததும் கெர்ழான் பாகூருக்குப் பின்வாங்கினார், அங்கிருந்து வில்லியனூருக்கு. லாரன்ஸால் அதற்கு மேல் துரத்த முடியவில்லை. ஏனென்றால் சமாதான காலம், புதுச்சேரியின் பழைய எல்லைக்குள் நுழையக் கூடாது என்று சென்னை மேலிடம் கட்டுப்படுத்தியிருந்தது. 1749-ல் வாங்கிய ஊர்களில் சண்டை போடலாம், அதற்கு முன்பே இருந்த ஊரில் கூடாது. வில்லியனூர், பாகூர் வயல்களில் ரத்தம் சிந்தலாம் என்று காகிதத்தில் ஒரு கோடு!

கடைசியில் லாரன்ஸ் பயந்து ஓடுவது போலப் பாகூருக்குத் திரும்பினார். கெர்ழான் நம்பிப் பின்னாலேயே வந்து பாகூர் அருகே முகாம் போட்டார். விடிவதற்கு முன் லாரன்ஸ் தாக்கினார். துப்பாக்கி முனைக் கத்தியோடு கத்தி மோதிய சண்டை அது. கெர்ழானும் அவருடைய அதிகாரிகள் பலரும் சிறைப்பட்டார்கள். சண்டை நடந்த தேதி பிரெஞ்சு ஏடுகளில் செப்டம்பர் 6, ஆங்கிலேயர் ஏடுகளில் ஆகஸ்ட் 26. அப்போது இருவரும் வெவ்வேறு நாட்காட்டி வைத்திருந்தார்கள். தேதியில்கூட ஒத்துப்போகாதவர்கள் யார் கொள்ளையன் என்பதில் எங்கே ஒத்துப்போவது? செத்துப்போன உள்ளூர்ச் சிப்பாய்களின் பெயர்களை இரண்டு நாட்காட்டிக்காரர்களும் எழுதவில்லை.

மேலே சொன்ன சலங்குப் படகைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிரெஞ்சில் 'ஷெலங்க்' என்பதும் இதுதான், ஆங்கிலத்தில் மசுலா படகு. புதுச்சேரிக்கு அன்று துறைமுகமே கிடையாது. பெரிய கப்பல்கள் கரைக்கு வராமல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். நடுவில் அலை வரிசை வரிசையாக உடையும். ஐரோப்பியர் தங்கள் கப்பலில் கட்டி வைத்திருந்த ஆணி அடித்த படகுகளை இந்த அலையில் விட்டால் கரையில் மோதிப் பிளந்துவிடும். சலங்கு பிளக்காது. ஏனென்றால் அதில் ஆணியே இல்லை. மாமரம் போன்ற மெதுவான மரத்தின் பலகைகளை ஓரத்தில் துளையிட்டு, தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். தையலுக்கு அடியில் வைக்கோலோ நாரோ திணிப்பார்கள், தண்ணீர் புகாமல் இருக்க. உள்ளே வங்கு, அதாவது விலா எலும்பு போன்ற குறுக்குக் கட்டைகள், கிடையாது. அதனால் அலை அடிக்கும்போது படகு துணிக்கூடை மாதிரி நெளிந்து கொடுக்கும். மோதும், வளையும், மறுபடி நிமிரும்.

பீரங்கி, துணி மூட்டை, ஒயின் பீப்பாய், கவர்னர், கவர்னர் மனைவி, எல்லாரும் எல்லாமும் இதில்தான் இறங்கினார்கள். 1866-ல் இரும்புப் பாலம் கட்டும் வரை இதுதான் கதை. (அந்தப் பாலத்தையும் 1952 புயல் கொண்டுபோனது.) ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால் எந்தக் கப்பல் எப்போது வந்தது, எத்தனை பீரங்கி முழங்கியது என்று வந்துகொண்டே இருக்கும். பிள்ளைக்கே 'ஆனந்தப்புரவி' என்று சொந்தக் கப்பல் இருந்தது. அந்தக் கப்பலுக்கும் சரி, மற்றக் கப்பல்களுக்கும் சரி, சரக்கைக் கரை சேர்த்தவர்கள் சலங்குக்காரர்கள். அவர்கள் இல்லாவிட்டால் புதுச்சேரி வியாபாரம் கடலிலேயே நின்றிருக்கும்.

ஆனந்தப்புரவியை இன்று மாடலாகக் கட்ட முடியுமா? முடியாது. அதன் நீளம், அகலம், பாய்மரம் பற்றிய வரைபடம் நம்மிடம் இல்லை. நம் தச்சர்கள் வரைபடம் போடுபவர்கள் இல்லை, கணக்கு மனதிலும் கையிலும் இருந்தது. 'கப்பல் சாத்திரம்' என்று ஒரு தமிழ் நூல் உண்டு. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950-ல் அதை அச்சிட்டது. எந்த மரம் ஆகும், எந்த மரம் ஆகாது, அளவு எப்படி, நல்ல நேரம் எது என்றெல்லாம் அதில் உண்டு. ஆனால் அதை வைத்து ஒரு குறிப்பிட்ட கப்பலின் வளைவைக் காகிதத்தில் இறக்க முடியாது. பல்லவர் காலத்தில் பாகூர் வித்தியாஸ்தானத்துக்குக் கொடுத்த மூன்று கிராமங்களின் எல்லை செப்பேட்டில் விவரமாக இருக்கிறது, ஆயிரத்து நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் படிக்கலாம். நிலத்துக்குச் செப்பேடு கிடைத்தது. கப்பலுக்குக் கிடைக்கவில்லை.

ஐரோப்பாவில் நிலைமை வேறு. அரசாங்கக் கப்பல் தளங்கள் வரைபடம் கேட்டன, வைத்துக்கொண்டன. 1768-ல் சப்மன் என்ற ஸ்வீடன் நாட்டுக் கப்பல் சிற்பி ஒரு பெரிய வரைபடத் தொகுதியே வெளியிட்டார், அதில் உரிமைச் சீட்டுக் கப்பல்களுக்கும் படங்கள் உண்டு. இன்று 'விக்டரி', 'பவுண்டி' என்று கிட் கம்பெனிகளின் பட்டியலில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் எல்லாம் காகிதம் உள்ள கப்பல்கள். (கடற்கொள்ளைக் கப்பல் மட்டும் விதிவிலக்கு, அதற்குக் காகிதத்துக்குப் பதில் கற்பனை.)

மொரீஷியஸ் போனால் இதன் இன்னொரு முகம் தெரியும். 18-ம் நூற்றாண்டில் அந்தத் தீவின் துறைமுகத்தையும் கட்டடங்களையும் எழுப்ப, புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கொத்தனார்களையும் தச்சர்களையும் பிரெஞ்சுக் கம்பெனி கொண்டு போனது. சுர்கூஃப் நங்கூரம் போட்ட அதே தீவில் இன்று மாடல் கப்பல் செய்வது ஒரு பெரிய கைத்தொழில். 1968 வாக்கில் ஒருவர் பொழுதுபோக்காகச் செய்த கப்பலை வெளிநாட்டுப் பயணி ஒருவர் வாங்கிப் போனதில் ஆரம்பித்தது என்று சொல்கிறார்கள். தேக்கு, மஹாகனி மரங்களில் செய்கிறார்கள். கற்பூர மரம் மலிவு, ஆனால் வெடிக்கும். பெரிய கப்பலுக்கு 400 மணி நேரம் வரை ஆகுமாம். பாய்த் துணி பழசாகத் தெரிய அதைத் தேநீரில் முக்கி எடுக்கிறார்கள்! செய்யும் கைகள் தீவின் கைகள், செய்யப்படுவது பெரும்பாலும் ஐரோப்பாவின் கப்பல்.

அப்படியானால் நம் கரையின் படகு எதற்குமே காகிதம் இல்லையா? இருக்கிறது. அதுவும் ஒரு பிரெஞ்சுக்காரர் தயவில். எத்மோன் பாரீஸ், 1806-ல் பிறந்த கடற்படை அதிகாரி. 'ஃபவோரித்' என்ற கப்பலில் உலகம் சுற்றியபோது 1830-ல் புதுச்சேரி வந்தார். போகும் துறைமுகங்களில் எல்லாம் மற்றவர்கள் விருந்துக்குப் போக, இவர் அளவு நாடாவும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உள்ளூர்ப் படகுகளை அளந்துகொண்டிருந்தார். நீளம், அகலம், வளைவு, பலகையின் கனம், தையலின் விதம், எல்லாம். பிறகு 'ஆர்தெமீஸ்' கப்பலில் மறுபடி வந்தார். அந்தப் பயணத்தில் புதுச்சேரியில் ஓர் இயந்திரச் சாலையைப் பார்க்கப் போன இடத்தில் சக்கரத்தில் சிக்கி இடது கையை இழந்தார். அதோடு ஓய்ந்துவிடவில்லை. 1841 முதல் 1843 வரை வெளிவந்த அவருடைய பெரிய நூலில், ஐரோப்பியர் அல்லாத மக்களின் படகுகள் நூற்றுக்கும் மேற்பட்ட படத் தகடுகளில் இருக்கின்றன. நம் சலங்கும் கட்டுமரமும் தோணியும் அதில் உண்டு. பின்னாளில் 1871-ல் லூவ்ர் அரண்மனையில் இருந்த கடற்படை அருங்காட்சியகத்துக்குத் தலைவராகி, 1893-ல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். தன் வரைபடங்களை வைத்து அங்கே சிறிய மாடல்கள் செய்ய வைத்தார். அவர் தொகுத்த பழைய கப்பல் வரைபடங்களை மாடல் கட்டுபவர்கள் இன்றும் தேடி எடுக்கிறார்கள்.

வேடிக்கையைப் பாருங்கள். கடற்கொள்ளைக் கப்பலுக்கு வரைபடம் இல்லை, ஆனால் பெட்டி பெட்டியாகக் கிடைக்கிறது. புதுச்சேரிச் சலங்குக்கு அங்குலம் பிசகாத வரைபடம் இருக்கிறது, பெட்டியைத்தான் காணோம்.

பாகூர் கொம்யூனின் கிழக்கு ஓரம் கடலைத் தொடுகிறது. நரம்பை, பனித்திட்டு, மூர்த்திக்குப்பம் எல்லாம் மீனவர் ஊர்கள். கட்டுமரத்தின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகு மெல்ல மெல்லப் பிடித்து வந்தது, 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாக வந்த படகுகளோடு அந்த மாற்றம் வேகமானது. சலங்கு அதற்கு ரொம்ப முன்பே புதுச்சேரியில் வேலையிழந்துவிட்டது. வில்லியனூர்ப் பக்கம் கைவேலைக்குப் பஞ்சம் இல்லை, அங்கத்திய சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. திருக்காமீஸ்வரர் கோயில் தேரும் மரத்தச்சு வேலைதான்.

சலங்கு மாடல் கட்ட ஐரோப்பியக் கிட்டின் முறை உதவாது. எலும்புக்கூடு செய்து அதன் மேல் தோல் ஒட்டுவது அந்த முறை. சலங்குக்கு எலும்பு கிடையாது, தோலே உடம்பு. ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் பத்து மீட்டர் படகு இருபது சென்டிமீட்டர் வரும், ஓர் அடி ஸ்கேலை விடக் குட்டை. பலகையை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இழைத்து, ஊறவைத்து, ஒரு மர அச்சின் மேல் வளைத்துக் காயவைக்க வேண்டும். ஓரத்தில் ஊசித் துளைகள். பசை தொடக் கூடாது, தொட்டால் விறைத்துவிடும். அடியில் ஒரு நூலிழை தேங்காய் நாரை வைத்து, அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகத் தையல் போட்டு இழுக்க வேண்டும். கடைசியாக அச்சை உருவி எடுத்ததும் இரண்டு விரலால் லேசாக அழுத்திப் பார்க்கலாம். சரியாகத் தைத்திருந்தால் நெளியும்.